குகைப் படகு சின்னதுகளுக்கு ஆகுமா

ஏப்ரல் 27, ஞாயிறு
காலையிலிருந்து மழைக்கோள். பெய்யவில்லை. சபைக்குப் போய் வருவதற்குள் சேலை முழுக்க வியர்வை.

சண்டே ஸ்கூலில் இன்றைய பாடம், கடலில் புயல். பயம் வந்தால் என்ன செய்வோம்? கண்ணை மூடுவோம், கை கூப்புவோம். செய்கையோடு சொல்லிக்கொடுத்தேன். அபின் கண்ணை மூடியவன் அப்படியே தூங்கிவிட்டான்.

பிறகு ஆசிரியர்கள் கூட்டம். டீ, ஆறிப்போன பருப்பு வடை. மே 10 பிள்ளைகளின் சுற்றுலா உறுதி. திருவனந்தபுரம் தாண்டி ஒரு பார்க். பெரிய வகுப்புகளுக்குப் பிரச்சினை இல்லை. என் வகுப்புதான். நாலு, ஐந்து வயதுகள். அதுகள் ஏறக்கூடியதாக அங்கே இருப்பது ஒரே ஒரு படகு. மெதுவாகப் போகுமாம். ஆனால் நடுவில் ஒரு குகை. குகைக்குள் இருட்டு.

பொறுப்பாளர் ராஜமணி சார் நேரே என்னைப் பார்த்தார். "டீச்சரே, ஒங்களுக்க வகுப்புப் பிள்ளைய அதுல ஏறலாமா? நீங்க ஆகும்னு சொன்னா கூட்டிட்டுப் போவோம். இல்லன்னா சின்னதுவ வீட்டுல நிக்கட்டும். போன வருசம் மாதிரி ஆவப்பிடாது."

போன வருசம்: ராட்டினத்தில் ஒரு பையன் அழுது மூச்சு முட்டியது. அவன் வீட்டார் இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள். நன்றாகப் பாடுவான் அவன். எனக்கு இன்னும் வருத்தம்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பார்க்கை நான் கண்டதே இல்லை. லேபில் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கிறேன், அதனால் பிள்ளைகளின் பயம் எனக்கு அத்துப்படி என்று சபையில் ஒரு பேர். "பாத்துட்டுச் சொல்லுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் சும்மா கிடக்காது.

வாங்க: சோப்பு, பச்சரிசி, மகள் லேயாவுக்குச் செருப்பு.

ஏப்ரல் 28, திங்கள்
லேபில் கூட்டம். மத்தியானம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட வேலை செய்யும் ஸ்ரீஜா போன ஓணத்துக்குப் பிள்ளைகளோடு அதே பார்க்குக்குப் போனவள். கேட்டேன்.

"ஒண்ணும் பேடிக்கண்டா சேச்சி. தொட்டில் ஆட்டுற மாதிரியாக்கும். எனக்க எளையது ஒறங்கியே போச்சு." பயப்பட ஒன்றும் இல்லையாம்.

"மூத்தது?"

"மூத்தது சர்திச்சு. அது பொறோட்டா தின்னதுனால."

வாந்தி பொறோட்டாவாலா படகாலா? அவளுக்கே நிச்சயம் இல்லை.

போனில் தேடினேன். ஒருத்தர்: கைக்குழந்தைகளுக்கானது, சலிப்பு. இன்னொருத்தர்: என் மகன் ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. இரண்டு பேரும் சொல்வது ஒரே படகைத்தானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே படகுதான்.

என் வீட்டுக்காரர் ஸ்டான்லி (கண்டக்டர் ட்யூட்டி முடிந்து, டிக்கெட் மெஷின் பையைக் கழற்றியபடி): "எட்டி, பஸ்சுல ஏறாமலே இது எங்க போவும்னு கேக்குறது கணக்கா இருக்கு ஒனக்க பாடு. போயி ஒருக்க ஏறிப் பாரு."

ஏப்ரல் 30, புதன்
அபினின் அம்மா மினி, திருப்புறத்திலிருந்து போன். "டீச்சரே, கரண்டு போனாலே இவன் அலறுவான். கூட்டிட்டுப் போவலன்னா அதுக்கும் அலறுவான். நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் நீங்களே, நீங்களே.

முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு லேபுக்கு லீவு. லேயாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நாலு வயது. மிக்சிக்குப் பயம், கிணற்று மோட்டாருக்குப் பயம், கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குப் பயம். நெய்யாற்றின்கரை முழுக்கத் தேடினாலும் இவளைவிடப் பயந்த பிள்ளை கிடைக்காது. இவளுக்கு ஆகுமென்றால் எல்லாருக்கும் ஆகும். கணக்கு சரிதானே?

மே 1, வியாழன்
வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பஸ்.

போர்டில் இருந்தது: சிறு குழந்தைகள் பெரியவர் துணையோடு மட்டும். வயது இல்லை. சிறு என்றால் எவ்வளவு சிறு? படகு ஏற்றிவிடுகிறவனிடம் கேட்டேன்.

"கொச்சுப் பிள்ளாரெ கேற்றாம் சேச்சி. ஒரு கொழப்பவும் இல்ல." ஏற்றலாமாம்.

"இருட்டு?"

"இருட்டு உண்டு. கொறச்சே உள்ளு." கொஞ்சம்தானாம்; போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஏறினோம். படகு மெதுவாகத்தான் போகிறது. அமரவிளை வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி. குகை வந்ததும் நான் லேயாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அதற்குத்தானே வந்தது. மேலே என்ன இருந்தது, பக்கத்தில் என்ன பிளிறியது, ஒன்றும் தெரியாது. நீல வெளிச்சத்தில் அவள் முகம். கை கூப்பி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய. அழுகை இல்லை. என்னைப் பிடிக்கக்கூட இல்லை. என் பிள்ளைக்கு இவ்வளவு விசுவாசமா!

வெளியே வந்து கேட்டேன். "பேடிச்சியா மக்களே?"

"இல்ல."

ஐஸ்கிரீம். செருப்பு வாங்க மறந்தது. திரும்பும் பஸ்ஸிலேயே சபை குரூப்பில் போட்டேன்: ஆகும்.

மே 4, ஞாயிறு
நல்ல மழை. சபையில் கூட்டம் குறைவு. ராஜமணி சார் அறிவிப்பு நேரத்தில் மைக்கில்: "டீச்சர் சொந்தப் பிள்ளைய ஏத்திப் பாத்திட்டு வந்திருக்காவ. சின்னதுவளும் தைரியமாட்டு வரலாம்." என் வகுப்பில் அத்தனை பேரும் பேர் கொடுத்தாயிற்று. பெருமையாகத்தான் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது ஸ்டான்லி லேயாவிடம் விளையாட்டாகக் கேட்டார்.

"குகைக்குள்ள என்னெல்லாம் உண்டு மக்களே? ஆனை உண்டா?"

"தெரியாது. கண்ண மூடியிருந்தேன்."

"முழுக்கவா?"

"பேடி வந்தா கண்ண மூடணும்னு அம்மதானே சொல்லித் தந்தா."

"அப்போ பேடி இருந்துதா?"

"ரொம்ப."

"பின்ன அம்மயிட்ட இல்லன்னு சொன்ன?"

அவள் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "கேட்டப்போ அம்மைக்க மொகம் அப்பிடி இருந்து."

தட்டோடு எழுந்துவிட்டேன்.

லேபில் கண்ணை இறுக்கி மூடிச் சத்தமே இல்லாமல் கை நீட்டுகிற பிள்ளையைத்தான் நான் முதலில் படுக்க வைப்பேன். மயங்கி விழுவது அதுதான். அலறுகிறவன் அலறிவிட்டு மிட்டாய் கேட்பான். இது எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். என் பிள்ளை மடியில் இருக்கும்போது மட்டும் எங்கே போனது இந்த அறிவு? படகு ஆகுமா என்று பார்க்கப் போனேன். என்னத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று புரியவில்லை.

மே 5, திங்கள்
மழை விட்டது. கொடியில் துணி இரண்டு நாளாகக் காயவில்லை, முடை நாற்றம்.

லேயாவிடம்: "நாம சுற்றுலாவுக்குப் போவண்டாமா?" ஓவென்று அழுதாள். போகணுமாம்.

"பேடி உண்டுன்னு சொன்னியே?"

"உண்டு. போணும்."

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஸ்டான்லியிடம் கேட்டேன். "கல்யாணத்தன்னைக்கு ஒனக்கும் இப்பிடித்தானே இருந்து" என்று சிரிக்கிறார். இந்த மனுஷனிடம் கேட்டேனே.

ராஜமணி சாருக்குப் போன். இரண்டு முறை அடித்து, எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை சொல்லிவிட்டேன். "சார், எனக்க பிள்ள கண்ணே தொறக்கல. பேடிச்சிருக்கா. நான் தப்பாட்டு சொல்லியாச்சு."

"அப்போ ஆகுமா, ஆகாதா டீச்சரே?"

"தெரியாது சார்."

"சபையில மைக்குல சொல்லியாச்சே."

"நானே ஒவ்வொரு வீட்டுக்கும் விளிச்சுச் சொல்லுறேன்."

சாயங்காலம் முழுக்க போன்தான். ஒரே பேச்சு: இருட்டு உண்டு, சத்தம் உண்டு, என் பிள்ளை பயந்தாள், வரிசையில் நிற்கும்போது பிள்ளையிடமே கேட்போம், வேண்டாமென்றால் மரத்தடியில் உட்காரலாம். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். கொடுத்த பேரை யாரும் திரும்ப எடுக்கவில்லை. மினி மட்டும், "அவனுக்க கூட நீங்க ஏறுவீங்களா?" என்றாள். ஏறுவேன்.

மே 10, சனி
பஸ் கிளம்புமுன் ஜெபம். ஊர் எல்லை தாண்டுமுன் முதல் வாந்தி (இட்லி, பொறோட்டா அல்ல). வெயில்.

வரிசையில் ஒவ்வொன்றிடமும் கேட்டேன். மூன்று பேர் வேண்டாமென்றார்கள், துணைக்கு வந்திருந்த மினியோடு மரத்தடிக்குப் போனார்கள். கேட்டதுமே போவதற்கு எவ்வளவு சந்தோஷம் அதுகளுக்கு. என் படகில் லேயா, அபின், இன்னும் இரண்டு பேர்.

குகை வாய் தெரிந்ததும் நாலு தலையும் குனிந்தது. எட்டு கையும் கூப்பியது. நான் சொல்லிக்கொடுத்தது அச்சு பிசகாமல். சண்டே ஸ்கூல் டீச்சர் ஜெபம் பண்ணாதே என்று சொல்லவா? கடைசியில், "கண்ணத் தொறந்துட்டும் ஜெபம் பண்ணலாம் மக்களே" என்றேன். அப்படி இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை. சரியா என்றும் தெரியாது.

அபின் கண்ணைத் திறந்தான். அலற ஆரம்பித்தான். குகை முழுக்க அலறினான். லேயா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ எனக்க மொகத்தப் பாக்காத. முன்னால பாரு."

திரும்பினேன். பயமாகத்தான் இருந்தது, எனக்கு. அவள் கையைப் பிடித்தேன், அவளுக்காக அல்ல.

வெளியே வெளிச்சம். அபின் மூக்கொழுகலோடு, "இன்னும் ஒருக்க போவோம் டீச்சர்." கரையில் ராஜமணி சார். "என்ன டீச்சரே, ஆகுமா?"

நான் பதில் சொல்லுமுன் லேயா சேலையை இழுத்தாள்.

"ஆனைக்க ஒரு காது ஒடிஞ்சு தொங்குது. கண்டியா?"

"கண்டேன்" என்றேன்.