ஏழாம் அறைக்கு என் பதில்

2025 மே 6

மதியத்துக்குள் பதினான்கு தடவை. இன்று எண்ணினேன்.

"பிள்ளை, என்ர யசி வந்திட்டானோ?"

ஏழாம் அறை அன்னம் அம்மாவுக்கு மறதி நோய். பதினாறு வருடங்களுக்கு முன் வன்னிப் போரில் காணாமல் போன மகன் யசி, அவருக்கு இன்னும் வேலையால் வீடு வந்துசேராதவன். பிளாக்ஹவுஸ் பே என்ற இந்த வெளிநாட்டுப் புறநகரின் முதியோர் இல்லத்தில் தமிழ் தெரிந்த ஒரே பராமரிப்பாளர் நான். ஆகவே யசியும் என் பொறுப்பு.

"வருவார் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கோ." பதினான்கு தடவை.

மே 9

வேலையால் வீட்டுக்கு வந்தால் கணவர் நிமலன் டிவி முன்னால். குண்டு விழுந்த ஏதோ ஊர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன். "இங்க பாரும், என்ன அநியாயம்!" "ரக்பியைப் போடுங்கோ" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சோறு சாப்பிடுவார். விடிந்தால் ஏழாம் அறைக்குப் பதில் சொல்வது யார்?

மே 14

இன்று பயிற்சி. தலைப்பு, பராமரிப்பாளரின் இரக்கச் சோர்வு — இரங்கி இரங்கியே மனம் களைத்துப்போவதாம். மேலாளர் சவிதா மஃபின் வாங்கி வைத்திருந்தார். உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்றார்கள். அதைச் சொல்ல எங்கள் சாப்பாட்டு இடைவேளையை எடுத்துக்கொண்டார்கள்.

மே 18

போரில் இறந்தவர்களின் நினைவேந்தலுக்கு நிமலன் தனியே போனார். எனக்கு டியூட்டி என்று சொன்னேன். டியூட்டி இல்லை. படுத்திருந்தேன். 2009இல் போரை நிறுத்தச் சொல்லி இந்த நகரின் குயின் வீதி மழையில் பதாகை பிடித்துக் கத்தியவளும் நான்தான்.

மே 20

எழுதத்தான் வேண்டும்.

இன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன். அன்னம் அம்மா கையைப் பிடித்தார். "பிள்ளை, யசி —"

"சொறி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

வாய் தவறி வந்துவிட்டது. இல்லை — தெரிந்துதான் சொன்னேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையை விட்டார். "இது வேற ஆள்" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

ச்சீ, நானும் ஒரு மனிசியே? ஆனால் எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மே 21

இன்றும் இங்கிலிஷ்தான்.

மே 26

இன்றும். இரண்டே தடவைதான் கேட்டார்.

ஜூன் 4

சவிதா என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஏழாம் அறை இப்போது எவ்வளவு அமைதி, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சிரித்தேன். அன்னம் அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. சாப்பாடு பாதி திரும்பி வருகிறது.

ஜூன் 7

மனம் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அவர் கேட்காமலே சொன்னேன்: "அம்மா, யசி வருவார். நீங்கள் சாப்பிடுங்கோ."

இங்கே வேலைசெய்யும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதைப்போல மரியாதையாகச் சிரித்தார்.

"தேங்க் யூ, நர்ஸ்."

மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் தேங்க் யூ.

வேலை முடிந்து கிளம்புமுன் ஏழாம் அறையின் குறிப்பை எழுதவேண்டும். எழுதினேன்: அமைதியாக இருக்கிறார்.