முடுக்கிவிட்ட லேப்டாப்

காலை 06:10
வழக்கமான பதிவு. நான் அருள்மேரி. வியாழனிலிருந்து பூமிக்குத் திரும்பும் கலத்தில் தனியாள். ஆக்சிஜன் சரி. உப்புமா இன்றைக்கும் ரப்பர்தான்.

06:35
கதிர்வீச்சுப் புயல் அடித்து ஓய்ந்தது. கலத்தின் கணினி செத்துவிட்டது. எட்டு மணிக்குள் எஞ்சினை இயக்கித் திசை திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பூமியைத் தவறவிடுவேன். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட மிச்சமிருப்பது என் சொந்த லேப்டாப் மட்டும். தரைநிலையத்துக்குச் செய்தி போக முக்கால் மணி, பதில் வர முக்கால் மணி. அவர்களை நம்பி உட்கார முடியாது.

06:45
லேப்டாப் அதன் வேகத்தில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். ஓவர்கிளாக் செய்து முடுக்கிவிட்டால் ஒரு மணி சொச்சம். ஹாஸ்டலில் கேம் ஆட இப்படிச் செய்து ஒன்றைக் கருக்கியிருக்கிறேன். அப்பா ஒரு மாதம் பேசவில்லை. இப்போதும் முடுக்கிவிட்டேன். எடையற்ற இடத்தில் சூடான காற்று மேலே போகாது, அங்கேயே தேங்கும். அட்டையால் விசிறப் போகிறேன். தரைநிலையத்துக்கும் சொல்லிவிட்டேன்.

07:20
கை மரத்துவிட்டது. பாதி முடிந்தது. லேப்டாப்பை முடுக்குவது வெட்டிவேலை என்று யாராவது சொன்னால் என்னைக் கைகாட்டுங்கள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறேன். ஏதோ கருகும் வாடை. போய் விசிறுகிறேன்.

08:02
விடை வந்தது. எஞ்சினை இயக்கினேன். எரிபொருள் முழுதும் தீர்ந்தது. வீட்டுக்குப் போகிறேன். அழுகை வந்தது, கண்ணீர் கீழே விழாமல் கண்ணிலேயே நிற்கிறது.

08:17
தரைநிலையத்திலிருந்து சுடலைமணி:
"எக்கா, அத முடுக்காதீங்க. சூடு ஏறுனா நின்னு போவும்னு நெனைக்காதீங்க, தப்பா கணக்குப் போட்டுட்டு சரின்னு காட்டும். வேற வழியே இல்லன்னா விசிறிக்கிட்டே இருங்க. ஒரு நிமிஷம்கூட கைய எடுத்திராதீங்க."

10:40
லேப்டாப்பைப் பழைய வேகத்துக்கு இறக்கி, அதே கணக்கை மறுபடி போட்டேன். விடை வேறு. நான் தவறான திசையில் போய்க்கொண்டிருக்கிறேன். திருத்த எரிபொருள் இல்லை.

10:55
இரண்டு கணக்கையும் வரிவரியாக ஒப்பிட்டேன். 07:20 வரை ஒன்றுபோல் வந்திருக்கிறது. அங்கே ஒரே ஓர் எண் மாறியிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் தவறு.

சுடலைமணிக்கு இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

07:20-க்கு என் கையில் அட்டை இல்லை. மேலே இருக்கும் அந்தப் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன்.