புது வேனுக்கு என் கவர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப்பயலும், உள்ளே இருந்து உன்னை உதைத்துக்கொண்டிருக்கிற புது ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காரணம் உனக்குத் தெரியும். உன் காரில் நான் தைத்து அனுப்பிய சீட் கவரை உடனே கழற்று, புது வேனுக்கும் அதை மாற்றிப் போடாதே என்று போனில் சொன்னேன், நீ சிரித்தாய். "போன வருஷம் லிஃப்ட்டுக்குப் பயந்தே, அதுக்கு முன்னாடி மைக்ரோவேவுக்கு, இப்போ சீட் கவராம்மா" என்று கேட்டாய். கேட்பாய், நான் பயந்து வளர்த்த பிள்ளைதானே நீ. மாப்பிள்ளையிடமும் சொன்னேன், "சரிங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன குளியலறைக் குழாய் நாலு மாதமாக ஒழுகுகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் போனை நம்பாமல் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நடுவில் குறுக்கிட்டுச் சிரிக்க முடியாது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைக்கவும் முடியாது. கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள், அதுவரைக்கும் தினமும் ஒரு தடவை போன் பண்ணுவேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதுகிறாள் என்பாய். நீ அனுப்பிய மூன்று வேன் படங்களையும் நானும் அப்பாவும் கடையில் வெட்டுமேஜை மேல் வைத்துப் பார்த்தோம். முதலாவது நீளமான வண்டி, அது வேண்டவே வேண்டாம், நாலு பேர் குடும்பத்துக்கு அது கல்யாண வண்டி. மற்ற இரண்டில் ஏழு சீட் வைத்ததுதான் உனக்குப் பிடித்திருக்கிறது, நீயும் அப்பாவும் வந்தால் பின்னால் உட்காரலாமே என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் இருபத்தெட்டு வருஷமாகக் குஷன் கடையில் உட்கார்ந்திருக்கிறவள். ஒரு வண்டியின் சீட்டைப் பிரித்து ஃபோமைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் நடுவில் நசுங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். மூன்றாவது வரிசை ஃபோம் தேய்ந்து ஒரு வண்டிகூட எங்களிடம் வந்ததில்லை. கம்பெனிக்காரன் சுற்றிய பாலிதீன்கூடக் கிழியாமல் வரும். நாங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள், எங்களுக்காக இரண்டு காலி சீட்டை வருஷம் பூராவும் சுமந்துகொண்டு திரியாதே. அந்த வரிசையை நிமிர்த்தினால் பின்னால் குழந்தை வண்டி வைக்க இடம் இருக்காது, குழந்தை வண்டி இல்லாமல் நீ தெருமுனைக்குக்கூடப் போக மாட்டாய். நாங்கள் வரும்போது டாக்சி பிடித்து உங்கள் பின்னாலேயே வருகிறோம், அப்பாவுக்கு டாக்சிக்காரரோடு பேசிக்கொண்டு வருவதென்றால் கொள்ளைப் பிரியம்.

ஆக எங்கள் ஓட்டு இரண்டாவது வண்டிக்கு, ஐந்து சீட், இரண்டு பக்கமும் தள்ளுகதவு வைத்தது. உங்கள் கட்டடத்துக்குக் கீழே இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியைச் சொருகிவிட்டு, கதவைப் பாதி திறந்து வாண்டைப் பக்கவாட்டில் உருவி எடுக்கிறாயே, வயிறு பெரிதானபிறகு அதை எப்படிச் செய்வாய், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படிச் செய்வாய். தள்ளுகதவு என்றால் அந்தப் பாடு இல்லை. ஆனால் அந்தக் கதவு விரலைக் கடிக்கும். கடையில் காட்டும்போது ஒரு துண்டைச் சுருட்டி நடுவில் வைத்து மூடச் சொல், பட்டவுடன் கதவு திரும்பிப் போகவேண்டும், போகாவிட்டால் அந்த வண்டி வேண்டாம். கையை வைத்துச் சோதிக்காதே, மாப்பிள்ளை வைத்துப் பார்ப்பார், விடாதே. பின் வரிசையில் குழந்தை சீட் இரண்டையும் நிஜமாகவே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டிப் பார், விற்கிறவர் மாட்டலாம் மாட்டலாம் என்று வாயால்தான் மாட்டுவார். இரண்டையும் மாட்டியபிறகு நடுவில் நீ உட்கார முடிகிறதா பார், ஒன்று அழுதால் நீ அங்கேதான் போய் உட்காருவாய். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று, டேப் எடுத்துக்கொண்டு போகட்டும், மடித்த குழந்தை வண்டியை வீட்டிலேயே அளந்துகொண்டு போகட்டும் என்று. மற்றபடி என்ஜினைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், அதை நான் எழுதப்போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதைத் தாண்டிக் குதித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. போன வாரம் பக்கத்துப் பட்டறைக்கு, அதுதான் நசுங்கின வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் இருக்கிறாரே, அவரிடம் நீ படம் அனுப்பிய அதே ரக வேன் ஒன்று அடிபட்டு வந்தது. என் மகள் வாங்கப்போகிற வண்டி ஆச்சே என்று டேப்பை எடுத்துக்கொண்டு நான்தான் வேலையை விட்டுவிட்டு ஓடினேன், உனக்கு நடு சீட் அகலம் அளந்து சொல்லலாம் என்று. நாற்சந்தியில் ஒரு சரக்கு வண்டி பக்கவாட்டில் வந்து இடித்திருக்கிறது. வண்டிக்காரரின் மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், விலா எலும்பு இரண்டு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துவிட்டார், எழுந்து நடக்கிறாராம். அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் இறுக்கமாக ஒரு ரெக்சின் கவர், அதன் முன்விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். ஏர்பேக் என்றார் டிங்கர். ஏர்பேக் ஸ்டியரிங்கில்தானே இருக்கும், அதுகூடத் தெரியாதவளா நான் என்று நினைத்தேன், நிஜமாகவே தெரியாதவள்தான். இப்போது வருகிற வண்டிகளில் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் ஒன்று மடித்து வைத்திருக்கிறார்கள். இடி விழுந்ததும் அது சீட்டின் ஓரத்தைப் பிளந்துகொண்டு வந்து ஆளுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கவேண்டும். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வெளிய வரணும்மா, அதுக்காகவே அந்த ஓரத்துல மட்டும் சட்டுனு பிரியற நூலாப் போட்டுத் தைக்கறாங்க. இங்க கவர் அதைப் புடிச்சு நிறுத்தி, முன்பக்கமாத் திருப்பி விட்டுடுச்சு" என்றார். பை நேராக வந்திருந்தால் எலும்பு தப்பித்திருக்குமா என்று கேட்டேன், அது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷன் என்பதால்தான் அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, அந்த அம்மாவைப் பற்றிக்கூட நினைக்கவில்லை, குனிந்து கவரின் தையலைப் பார்த்தேன், நம் கடையில் தைத்ததா என்று. இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வரவில்லை, உன் கார் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா, அளவு எடுக்க நீ சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாய், ஓரத் தையலில் சின்னதாக ஒரு துணித்துண்டு எழுத்தோடு நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னடி அசிங்கமாக என்று கேட்டேன், தெரியலம்மா கம்பெனி பேரா இருக்கும் என்றாய். மறைத்துத் தைத்துவிடுகிறேன், சீட் மொழுமொழுவென்று இருக்கும் என்றேன். அந்தத் துண்டில் எழுதியிருந்ததே ஏர்பேக் இங்கே இருக்கிறது, மூடாதே என்றுதான், டிங்கர் சொல்லித்தான் தெரிந்தது. எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்ததை அசிங்கம் என்று சொல்லி மூடித் தைத்தவள் உன் அம்மா. சும்மாவும் தைக்கவில்லை. மகள் வண்டி, பத்து வருஷம் உழைக்கவேண்டும் என்று தடித்த நைலான் நூலை இரட்டையாகப் போட்டு, ஓரத்தில் ஒன்றுக்கு இரண்டு ஓட்டம் ஓட்டினேன். யானையைக் கட்டினாலும் பிரியாது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு வருஷமாக நீ அதில் உட்கார்ந்து வேலைக்குப் போய் வருகிறாய், இப்போது வயிற்றில் பிள்ளையோடு போகிறாய்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஊரே கவர் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறது என்று என்னிடம் கத்தினார். பிறகு டிங்கர் பட்டறைக்குப் போய் அந்தச் சீட்டை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தார், வந்தவர் ஆர்டர் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டார். புது மாதிரி வண்டிகளுக்கு நாங்கள் தைத்தது பத்தொன்பது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு வரச் சொன்னோம். ஒரு டாக்சிக்காரர் திட்டினார், ஒரு டீச்சர் அழுதுவிட்டார், தன் பெண்ணைத் தினம் முன் சீட்டில் வைத்துக் கூட்டிப் போகிறாராம். பதினாலு வண்டி வந்தாயிற்று. அப்பா முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார், தான் தைத்ததைத் தானே பிரிப்பதில் அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. நேற்று தலையைத் தூக்காமலே, "ஊரான் வண்டியெல்லாம் பிரிச்சாச்சு, நம்ம பொண்ணு வண்டி மட்டும் அப்படியே ஓடுது" என்றார்.

கவரை உருவி எடுக்கப் பார்க்காதே, வராது. யாரும் கழற்றக் கூடாது என்று, போன வருஷம் அங்கே வந்திருந்தபோது அடியில் கைத்தையலால் நானே மூடியிருக்கிறேன். முதலில் ஹெட்ரெஸ்ட்டைத் தூக்கி எடுத்துவிடுங்கள். பிறகு சீட்டின் முதுகுப்புறம், பின்னால் உட்காருகிறவர் முழங்கால் படும் பக்கம், நடுவில் மேலிருந்து கீழே நேராகக் கத்தரியுங்கள், முனை மழுங்கிய கத்தரிக்கோலால். ஓரத்தில் மட்டும் கத்தரி படவே கூடாது, அங்கே சீட்டின் சொந்தத் தையல் இருக்கிறது, அதில் கை வைத்தால் நான் செய்த தப்பையே நீங்களும் செய்வீர்கள். பின் சீட்டுக் கவரையும் எடுத்துவிடுங்கள், ரெக்சின் வழுக்கும், அதன் மேல் வாண்டின் சீட் நகரும். நீ குனியாதே, மாப்பிள்ளை வெட்டட்டும், நீ பக்கத்தில் நின்று பார். அம்மா தைத்ததாயிற்றே என்று கைவராமல் நிற்காதே. உன் குணம் எனக்குத் தெரியும், கிழிந்த பள்ளிக்கூடப் பையைக்கூட நான் தைத்தது என்று பெட்டியில் வைத்திருக்கிறவள் நீ. எனக்கு மனவருத்தம் வராது. வெட்டாமல் இருந்தால்தான் வரும்.

புது வேனுக்குத் துவைத்துப் போடுகிற மாதிரி ஒரு விரிப்பு தைத்துத் தரட்டுமா என்று கேட்பாய், வேண்டாம். வாண்டு பாலைக் கொட்டட்டும், பிஸ்கட்டைத் தேய்க்கட்டும், சீட் நாசமாகப் போகட்டும். கறை தெரியாத சாம்பல் நிறமாகப் பார்த்து வாங்கு. விற்கிறவரிடம் ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் கை வைத்துக் காட்டச் சொல், உனக்குப் புரியும்வரை கேள், வெட்கப்படாதே. நான் கேட்காமல் விட்டதுதான் இவ்வளவும். இதுவரை நான் பயந்ததெல்லாம் வீண் பயமாகவே இருக்கட்டும், லிஃப்ட்டு, மைக்ரோவேவு, நீ நீச்சல் கற்றுக்கொண்டது எல்லாம், எல்லாவற்றிலும் நீ ஜெயித்தாய். இது அந்தக் கணக்கு இல்லையம்மா. அதெல்லாம் வெளியில் இருக்கிற ஆபத்து உன் பக்கத்தில் வந்துவிடுமோ என்ற பயம், இது நானே என் கையால் தைத்து உன் முதுகுக்குப் பின்னால் வைத்தது.

நீயும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், எந்தத் தெருமுனையிலும் யாரும் வந்து இடிக்காமல், போன இடத்துக்குப் போய் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும், அது ஒன்றுதான் நானும் அப்பாவும் வேண்டிக்கொள்வது. இரும்பு மாத்திரையை மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே, மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து நீயும் கீழே இறங்கிப் போ. முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. நீ நிற்க வேண்டாம், வாண்டைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம், மொட்டைச் சீட் மட்டும் தெரிந்தால் போதும், அந்தத் துணித்துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அம்மா