பால் இல்லாத சாப்பாடு

தை 5, வெள்ளி இரவு.

காலையில் பால்காரர் வாசலில் மாட்டைக் கறக்கும்போது முதன்முறையாக அருகில் நின்று பார்த்தேன். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்தியிருந்தார். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அந்த நாக்கு நாள் முழுவதும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மத்தியானம் துறைமுக ஆபீஸ் நண்பர் மிக்கேலோடு சைவ ஓட்டலுக்குப் போனேன். பருப்பில் நெய், அவியலில் தயிர், பாயசத்தில் பால். இலையில் கை வைக்க முடியவில்லை.

"என்ன சார், ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்றார் பரிமாறுகிறவர்.

வெளியே வந்ததும் மிக்கேல், "வாரும்வே, எங்க தெருவுல ஒரு கடை இருக்கு" என்று கூட்டிப்போனார்.

அது மீன் சாப்பாட்டுக் கடை. வாசலிலேயே தயங்கினேன்.

"மீன் சட்டி அங்கன தனியா இருக்கு அண்ணாச்சி. இது எனக்கு வச்ச கொழம்பு. மாதாவுக்கு நேர்ந்துகிட்டு நான் மீன் திங்கதில்ல" என்றார் கடைக்கார அம்மா.

நல்லெண்ணெய் மணக்கும் சுண்டைக்காய்க் குழம்பு, பிறகு கருப்பட்டிக் காப்பி. கூரை இடுக்கில் கடல் மின்னியது. தூரத்துக் கப்பல் நகர்கிறதா, நான்தான் நகர்கிறேனா என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மனைவி வைத்துவிட்டுப் போன பால் மேசையில் ஆடை கட்டி ஆறிக்கிடக்கிறது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் எப்படிச் சொல்வது? தினமும் செம்போடு அந்த மாட்டருகில் நிற்பவள் அவள்தான். ஐப்பசியில் எங்கள் குழந்தை இறந்துபோனபிறகும் சேலைத் தொட்டிலை அவள் அவிழ்க்க விடவில்லை. போகும்போதும் வரும்போதும் அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் நகர்கிறாள்.