தரையைப் பார்த்த பாக்கெட்

மண்ணரை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் யாழினிக்கு அம்மா எழுதுவது. மண்ணரையில் நான் இருக்கிறேன், முட்டிவலியும் என்னோடு இருக்கிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை என்று எழுதித் தொடங்குவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை, வீடியோவில் பார்த்தேன், கன்னம் பூசினாற்போல் இருக்கிறது, முடியைத்தான் எதற்குக் கழுத்தோடு வெட்டினாய் என்று தெரியவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குப் பேப்பரில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அய்யோ அம்மா என்று சிரித்தே மழுப்பிவிடுவாய், நானும் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். உன்னோடு படித்த தரணி வெள்ளிக்கிழமை இங்கிலாந்துக்கு, உங்கள் லீட்சுக்குத் திரும்புகிறாளாம், பருப்புப்பொடி டப்பாவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். பொடியில் கொஞ்சம் சாதம் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு படி, படித்த பிறகு சாப்பிடப் பிடிக்காமல் போனாலும் போகும்.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. சாமளாபுரம் சித்தி வீட்டில் ஆறு மாதமாகத் தறி பாதிதான் ஓடுகிறது, இருந்தும் மோனிஷாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் செய்துவிட்டார்கள், மாப்பிள்ளைக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. யாழினி வருவாளா என்று சித்தி கேட்டாள், நான் வருவாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. அதே போனில்தான், ஏனுங்கக்கா, நம்ம யாழினி உங்களாட்டவே பேசறாளுங்க, ஊட்டுல எல்லாரும் வகுறு வலிக்கச் சிரிச்சமுங்க என்றாள். உன் வீடியோ சித்திவரைக்கும் போய்விட்டது பார்த்தாயா. எனக்கு முதலில் காட்டியது அருண்குமார், எங்கள் பனியன் கம்பெனி முதலாளி மகன். எல்லாரும் டீ குடிக்கிற நேரம், அக்கா இங்க வாங்க, உங்க புள்ள உங்களை உலகப் பேமஸ் ஆக்கிப்போட்டா என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான். நீ ஒரு சின்ன மேடையில் மைக்கோடு நிற்கிறாய், எதிரே கிளாசும் கையுமாக வெள்ளைக்காரர்கள். நீ பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் என்னைப் போல நடந்தாய், பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாய், தாடையை முன்னே தள்ளி ஒரு கண்ணைச் சுருக்கி, ஏனுங், இதென்னுங் பாக்கெட்டு என்று தமிழிலேயே கேட்டாய். அச்சு அசல் நான்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன். வந்த பிறகு சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் செல்போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே ஒரு ஜோக்கைத் தையல் பிரித்து ரிப்பேர் செய்த ஒரே ஆள் எங்கம்மாதான் என்று நீ சொன்னதாக அருண்குமார் எனக்குத் தமிழில் விளக்கினான்.

நீ மேடையில் சொன்ன வரிசையை விட்டுவிட்டு, நடந்த வரிசையில் நான் ஒரு தடவை சொல்கிறேன். ஆவணி மாதம் எங்களிடம் சரக்கு வாங்குகிற உங்கள் ஊர்ப் பையர் ஒருவருக்குச் சின்னதாக ஒரு ஆர்டர் ஓடியது, அந்தக் காலத்து இங்கிலாந்து டிவி காமெடியைப் பிடித்தவர்கள் போட்டுக்கொள்கிற டீ-சர்ட்டாம். முதுகில் கறுப்புக் கோட்டு போட்ட ஆபீசர் ஒருவர், தலையில் தொப்பிக்குப் பதில் டீ கெட்டில். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நீயும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பீர்களே, அந்த டிஸ்க் அட்டையில் இருந்த மூஞ்சி. டீ-சர்ட்டின் நெஞ்சில் ஒரு பாக்கெட், அதன் வாய் தரையைப் பார்த்து இருந்தது. டெய்லர்கள் சாம்பிளைப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள், சாம்பிளிலும் அப்படியேதான். எங்கள் சாம்பிள் டெய்லர் தலைகீழாகத் தைத்து அனுப்பிவிட்டார், பையர் கவனிக்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சாம்பிளில் இருக்கிறபடி விட்டுவிட வேண்டியதுதானே என்கிறார்கள் இன்றைக்கு. நீ எட்டாவது படிக்கும்போது அப்படித்தான் ஒரு தடவை விட்டேன். குழந்தை டிரெஸ் ஒன்றில் சாம்பிளில் லேபிள் வெளிப்பக்கம் இருந்தது, அத்தனை பீசிலும் வெளிப்பக்கமே வைத்து அனுப்பினோம், மொத்தமும் திரும்பி வந்தது. பெரிய முதலாளி செக்கிங் டேபிளில் எல்லாருக்கும் நடுவில் என்னை நிற்க வைத்து, ஏம்மா, சாம்பிள்ல சாணி ஒட்டியிருந்தா நீ எல்லாப் பீசுலயும் சாணி ஒட்டி அனுப்புவியா, கண்ணு எதுக்கு இருக்குது என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடாமல் படுத்தது உனக்கு ஞாபகம் இருக்காது. அன்றிலிருந்து சாம்பிளையும் நம்புவதில்லை, கையெழுத்தையும் நம்புவதில்லை, என் கண்ணைத்தான் நம்புகிறேன்.

அந்தக் கண்ணைக்கூட இந்தத் தடவை நான் நம்பவில்லை யாழினி, உன்னைத்தான் நம்பினேன். அருண்குமார் ஜெர்மனியில் கண்காட்சிக்குப் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. பையரோடு மெயில் பேசுகிற பையன் அந்த வாரம்தான் வேலையை விட்டு நின்றிருந்தான். மறுநாள் சாயங்காலம் லாரி. அந்தக் காமெடியைக் கரைத்துக் குடித்தவள் என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பையருடைய டிசைனைப் போட்டோ எடுத்து வெளியாளுக்கு அனுப்பினால் வேலை போய்விடும், டேபிளுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பீசை முந்தானைக்குள் மறைத்துப் பாத்ரூமுக்குள் கொண்டுபோய்ப் போட்டோ எடுத்தேன். இருபத்தாறு வருஷ சர்வீசில் நான் செய்த ஒரே திருட்டு அது. கண்ணு, இந்தப் பாக்கெட் இப்படித்தான் இருக்க வேண்டுமா, தப்பா, சீக்கிரம் சொல் என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் உன்னிடமிருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி மூன்று வந்தது. அவ்வளவுதான். இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருந்ததாக அப்புறம் சொன்னாய். தப்பாகத் தைத்திருக்கிறார்கள், அதனால்தான் சிரிக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். கூட வேலை செய்கிற மயிலாளையும் இன்னும் ஏழு பேரையும் உட்கார வைத்து அத்தனை பாக்கெட்டையும் பிரித்து, நேராக்கித் தைத்து, அயர்ன் போட்டு லாரி ஏற்றினேன். ஒரு பீசிலும் பழைய ஊசித் தடம் தெரியாது, அந்த வேலையில் இன்றைக்கும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பையர் அத்தனையும் வேண்டாம் என்றுவிட்டார். பாக்கெட் தலைகீழாக இருப்பதுதான் அந்த டீ-சர்ட்டின் விசேஷமே, மெயிலில் தெளிவாக எழுதியிருந்தோம் என்றார்களாம். மெயில் எனக்கா வருகிறது. அருண்குமார் அதைப் பிரிண்ட் எடுத்து டேபிளுக்கு அனுப்பவில்லை, அதை யாரும் கேட்கவில்லை. யாரைக் கேட்டுங்க்கா மாத்துனீங்க என்று என்னைத்தான் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னால் போட்டோ எடுத்தது வெளியே வரும், உன்னையும் இழுப்பார்கள். யாரையும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டு, நடந்ததை உன்னிடம் மட்டும் போனில் சொன்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். மறுநாளே என்னைச் செக்கிங்கில் இருந்து எடுத்துப் பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் வேலை பழக்கிவிட்ட பிள்ளைகள் இப்போது என் முன்னால் பனியனைப் போட்டு, அக்கா இதுல நூலு நிக்குது பாருங்க என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தப்புக்குத் தண்டனை, அது எந்தக் கம்பெனியிலும் உள்ளதுதான். உன் வீடியோ வந்த பிறகு தண்டனை போய் வேடிக்கை ஆகிவிட்டது. பாக்கெட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழே தெரியாத பீகார்ப் பையன்கள்கூடச் சட்டைப் பாக்கெட்டைக் கையால் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். மயிலாள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நான் உங்க புள்ளையா இருந்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டனுங்க என்றாள். அது ஆறுதலா, இன்னொரு குத்தா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் காமெடியில் என்று போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மதியம் பார்த்தேன். அப்பா பென் டிரைவில் ஏற்றி பீரோவில் வைத்திருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டேன், கேட்டாலும் எனக்குப் புரியப்போவதில்லை. முதல் வாரம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மீனுக்குக் குடை பிடிக்கிறார்கள், போலீஸ்காரர் அலமாரிக்குள் இருந்து வருகிறார், கதை சூடு பிடிக்கிற இடத்தில் ஒருவர் வந்து போதும் என்று கை காட்ட, பாதியில் அறுத்துவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுகிறார்கள், எதற்கும் முடிவே இல்லை. அந்தப் பாக்கெட் கதையும் வந்தது. கெட்டில் தலை ஆபீசர் சாவியைப் பாக்கெட்டில் போடுகிறார், விழுகிறது, குனிந்து எடுத்து மறுபடி போடுகிறார், அப்புறம் கடிகாரம், அப்புறம் டீயோடு கப், கடைசியில் ஒரு கோழி. சுற்றி நிற்கிறவர்கள் அவருக்குச் சல்யூட் வைக்கிறார்கள், பாக்கெட் தலைகீழாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. அப்பா என்னிடம் ஒரு தடவை, சாரதா, இது காமெடி இல்ல, எங்க ஆபீசு என்று சொல்லியிருக்கிறார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டே உம் கொட்டினேன். ஆபீசில் பையர்களுக்குப் பதில் எழுதுவதுதானே அப்பாவுக்கு வேலை, வெள்ளைத் துணியை அனுப்பினால் இந்த வெள்ளை சந்தோஷமாக இல்லை என்று பையர் எழுதுவார், அப்பா ரொம்ப மரியாதையாக, சந்தோஷமான வெள்ளை வியாழக்கிழமை அனுப்புகிறோம் என்று பதில் எழுதி அதே துணியை அனுப்புவார், இப்போது சரியாக இருக்கிறது என்று பதில் வரும். நாள் முழுக்க யாருக்கு எஸ் சார் போட்டாரோ அந்த ஊர்க்காரர்களே தங்கள் துரைமார்களைக் கோமாளியாக்கிக் காட்டுவதைப் பார்த்தால் மனிதனுக்கு இனிக்காமல் என்ன செய்யும். அவர் போய் மூன்று வருஷம் கழித்துத்தான் அவர் சிரித்தது எனக்குப் புரிந்தது. அன்றைக்கே என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம், நீங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று கதவைச் சாத்தினீர்கள், நான் இந்தப் பக்கம் உங்களுக்குப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காமெடியில் மேலே இருக்கிறவனைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள். கெட்டிலைத் தலையில் வைத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கீழே விழுந்த கப்பைப் பெருக்கி எடுக்கிறவளைப் பார்த்து இல்லை. பதினைந்து வருஷமாகப் பார்க்கிற உனக்கு இது தெரியாமல் போய்விட்டது. நீ என்னை நடித்துக் காட்டியதில் எனக்குக் கோபம் இல்லை, தாடையைத் தள்ளியது, கண்ணைச் சுருக்கியது எல்லாம் என் சொத்து, என் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே, அதுதான் ஆறவில்லை. அம்மா என்னிடம் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் நீ அந்த மேடையில் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு குறைந்துபோகும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பாக்கெட்டின் தையலை நான் பிரித்தேன், கதையின் தையலை நீ பிரித்து உனக்கு வேண்டிய பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டாய்.

வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை, அழித்தால் இங்கே ஒருவர் வாயும் மூடப்போவதில்லை. அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால், விட்டுப்போனதைச் சொல். என் பெயர் சாரதாமணி என்றும் சொல், எங்கம்மா எங்கம்மா என்று பொதுவாகச் சொல்லாதே. சொன்னால் போட்டோ அனுப்பியது கம்பெனிக்குத் தெரியும், வேலை போகும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. போகட்டும். சட்டத்தை மீறியவள் என்று வெளியே போகிறேன், புத்தி கெட்டவள் என்று உள்ளே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. உன்னைக் கேட்டுத்தான் செய்தேன் என்று நானே அருண்குமாரிடம் போய்ச் சொல்லலாம், இப்போது சொன்னால் பெற்ற பிள்ளை மேல் பழி போடுகிறாள் என்பார்கள். நீ சொன்னால்தான் அது உண்மையாக இருக்கும்.

குளிர் காலம் வருகிறது, காதை மூடாமல் வெளியே போகாதே. ராத்திரிக்கு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, இரண்டு கைப்பிடி அரிசி வேக எவ்வளவு நேரம் ஆகிவிடும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, இருக்கிற முடியாவது நிற்கட்டும். மோனிஷா கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், சித்திக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். என் வயிறு எரிந்தாலும் வாய் உன்னைச் சபிக்காது சாமி, நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அந்தப் பழனிமலை ஆண்டவன் உன் கூடவே இருக்கட்டும்.

இதற்கு மறக்காமல் பதில் போடு, இரண்டு வரியானாலும் எழுத்தில் போடு. அந்தச் சிரிக்கிற மூஞ்சியை மட்டும் அனுப்பாதே. போன தடவை அதை நான் பதில் என்று நம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. சாரதாமணி,
பிசிறு வெட்டும் பகுதி.