நாட்டுப் பெயர் எழுதாத விலாசம்

மார்ச் 4
ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் கையெழுத்துக்கு இந்த ஊரில் ஈடு கிடையாது. அக்கா மகளின் நர்ஸ் படிப்புக்கு, அதுவும் வெளிநாட்டுக் கல்லூரிக்கு, விண்ணப்பம் எழுதியது நான். கல்லூரி அனுப்பும் கடிதத்தோடு அவள் ஏப்ரல் ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் இடம். இன்னும் வரவில்லை. வரும். எழுதியது யார்!

மார்ச் 11
தபால்காரர் மணிகூட அடிக்காமல் போகிறார்.

மார்ச் 13
அக்கா மகள் விண்ணப்பத்தின் நகலோடு வந்து நின்றாள்.
“மாமா, விலாசத்துல நாட்டுப் பேரே இல்லையே?”
“நம்ம ஊர்ப் பேர் உலகத்துக்கே தெரியும். நாடு எதுக்கு?”
“இதே பேர்ல பக்கத்து நாட்டுல ஒண்ணு, அதுக்கு அடுத்த நாட்டுல ஒண்ணு இருக்கு மாமா!”
அக்கா கரண்டியோடு வந்தாள். “பெருமை பேசியே எம்பொண்ணு படிப்பைக் கவுத்துட்டியேடா!”
“தப்பு என்னோடதுதான்” என்றேன். என் சரித்திரத்திலேயே முதல் தடவை.

மார்ச் 14
நாட்டுப் பெயர் நாலே எழுத்து. எழுதியிருந்தால் கை ஒடிஞ்சா போயிருக்கும்?

மார்ச் 16
கடிதத்தைத் தேடி எல்லைக்கே போய்விட்டேன். அதிகாரி எழுந்து நாற்காலி கொடுத்தார். சரி, பெஞ்சு. சரி சரி, நின்றுகொண்டுதான் இருந்தேன். அனுமதிச் சீட்டு வாங்கிப் பாலம் தாண்டினால் நாற்பது வீடு, ஒரே தெரு, பலகையில் நம்ம ஊர்ப் பெயர்! உடம்பு சிலிர்த்துவிட்டது.
டீக்கடைக்காரர், “எந்த ஊரு?” என்றார். சொன்னேன்.
“இந்த ஊரா? உங்களைப் பார்த்ததே இல்லையே!”
கடையே சிரித்தது. அவர்களுடைய தபால்காரர் கடிதத்தை அதே பெயருள்ள மூன்றாவது ஊருக்கு அனுப்பிவிட்டாராம். டீக்கடைக்காரர் உடனே அங்கே போன் போட்டார். தபால் அலுவலக அம்மாள், “மேசையிலதான் கிடக்கு. நாளைக்கே பஸ்ல கொடுத்து விடுறேன்” என்றார்.

மார்ச் 24
வந்துவிட்டது! உறையில் நீல மையில்: ‘இங்கே இல்லை.’ அதன் கீழே சிவப்பில்: ‘இங்கேயும் இல்லை. எங்கள் ஊரிலும் நர்ஸ் கிடையாது. படித்து முடித்ததும் தப்பான விலாசத்துக்கே வரச் சொல்லுங்கள்.’
அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

மார்ச் 29
அக்கா மகள் பஸ் ஏறினாள். பெட்டியில் விலாசம் எழுதினேன். நாட்டுப் பெயர்தான் முதலில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக.

மே 20
மூன்று நாடுகளில் புகழ் பெற்ற ஒரே தாய்மாமன் நான்தான். அவளுடைய முதல் தபால் அட்டை மூன்று வாரம் சுற்றி இன்று வந்தது. ஓரத்தில் நீல மை: ‘படித்தோம். ஊசி போடக் கற்றுக்கொண்டாளாம்.’ சிவப்பு மை: ‘சந்தோஷம்.’
விலாசத்தைப் பார்த்தேன். நாட்டுப் பெயர் இல்லை. என்னைப் போலப் பெருமையில் விட்டவள் இல்லை அவள்; மூன்று ஊரும் படிக்கட்டும் என்றே விட்டிருக்கிறாள்.