ட்ரூடியைப் பற்றி நான் எழுதிய பக்கம்

நெப்ராஸ்கா, ஆகஸ்ட் 19

அன்பு மகன் வெஸ்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ நோய்நொடி இல்லாமல், அந்த நியூசிலாந்துக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் தோட்டத்துக்குப் போய்விடுகிறார், இந்த வருஷம் தக்காளி தின்று மாளவில்லை. போன வாரம் பெய்த ஆலங்கட்டி மழையில் காரின் மேல்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது, சோளம் தப்பித்ததே என்று சர்ச்சில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். போன தடவை போனில் நீ, ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், அவர் முன்னால் பேச்செடுத்தால் நீ நல்லதுதானே எழுதின, உன் மேல என்ன தப்பு என்று ஆரம்பித்துவிடுவார், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ட்ரூடியை உனக்கு நினைவிருக்கும். என்னிடம் படித்தபோது, எனக்கு மாலை வகுப்பு உள்ள நாட்களில் உன்னைப் பார்த்துக்கொள்ள வருவாளே, மக்ரோனிக்குள் பட்டாணியை ஒளித்துவைத்து உன்னை ஏமாற்றிச் சாப்பிட வைத்தவள். இருபது வருஷமாக அவள் சிகாகோவில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் இருந்தாள். கம்பெனிகளுக்கு நல்ல பெயர் தேடித் தருவதும், ஏதாவது கெட்டது நடந்துவிட்டால் ஊருக்கு என்ன சொல்வது என்று எழுதிக் கொடுப்பதும் அவர்கள் தொழில். அந்தத் தொழிலைத்தான் நான் இருபத்தாறு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன், ஆனால் அப்படி ஒரு ஆபீசில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரை இரண்டு வாரம் அழைத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தபோது ட்ரூடிதான் என் பெயரைச் சொன்னாள். தங்கவும் தன் வீட்டிலேயே அறை கொடுத்தாள். ஜூன் மாதம் போனேன். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்கிற பிள்ளைகள், புரொபசர், இந்த இடத்துல கமா வருமா என்று என்னிடம் ஓடிவருவார்கள், நான் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண் மாதிரி சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

நான் போவதற்கு இரண்டு வாரம் முன்பு அயோவாவில் ஒரு சுற்றுலா பஸ் கவிழ்ந்திருந்தது. ஒரு சர்ச்சிலிருந்து கிளம்பிய வயதானவர்கள், நான்கு பேர் இறந்துபோனார்கள். அந்த பஸ் கம்பெனிக்குப் பத்திரிகை அறிக்கை எழுதும் வேலை ட்ரூடியுடையது. அறிக்கையின் அடியில் நிருபர்கள் கூப்பிடுவதற்காக அவள் பெயரும் நம்பரும் போட்டிருந்தது. அந்த நம்பரைப் பார்த்து டெல்பர்ட் என்கிற எண்பத்தொரு வயது விவசாயி கூப்பிட்டார். அவர் மனைவி ஆர்டிஸ் அந்த பஸ்ஸில் இறந்துபோன நான்கு பேரில் ஒருத்தி. அவளுடைய பின்னல் பை திரும்பி வரவில்லை, பாதி பின்னிய ஸ்வெட்டர் அதில் இருந்தது, யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இறந்தவர்களின் வீட்டாரோடு வக்கீலைத் தவிர யாரும் பேசக் கூடாது, அந்த மாதிரி அழைப்பு வந்தால் வக்கீலின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். நிறுவனத் தலைவர் லெடி முதல் நாளே இந்த விதியை எனக்கும் சொல்லியிருந்தார். ட்ரூடி வைக்கவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன் வெஸ்லி, ஒரு மணி நாற்பது நிமிஷம். அவள் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது. ஆமா ஐயா, சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன், இவ்வளவுதான். அப்புறம் நொறுங்கிய பஸ்ஸை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு அவளே நாலு தடவை போன் செய்து அந்தப் பையைத் தேடி எடுக்கவைத்து அவருக்கு அனுப்பினாள். அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் அவர் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசுவதுபோல வயல், மழை, ஆர்டிஸ் என்று பேசுவார். லெடிக்குத் தெரிஞ்சா என்னடி செய்வே என்று கேட்டேன். தெரியவா போகுது, அந்த மனுஷனுக்கு வேற யாரு இருக்கா என்றாள்.

கடைசி நாளன்று நான் பார்த்ததை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஆறு பக்கம் எழுதினேன், அதில் ஒரு முழுப் பக்கம் ட்ரூடி. பெயரோடு, நிமிஷக் கணக்கோடு, பின்னல் பையோடு. நான் வகுப்பில் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், இதை இப்போதுதான் கண்ணால் பார்த்தேன், உங்கள் விதி தவறு, இவள் செய்வதே சரி என்று எழுதினேன். விதி எனக்குத் தெரியாமல் இல்லை. நான் எடுத்துச் சொன்னால் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன், புரொபசர் இல்லையா. அவளிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. எல்லோர் முன்னாலும் அவள் புகழைக் கேட்டு அவள் முகம் சிவப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், லெடி எழுந்து வந்து கை குலுக்கினார். நான் ட்ரூடியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவளே பீட்சா வாங்கி வந்தாள், அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, மறுநாள் ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் எனக்குச் சொல்லவில்லை, அங்கே கமா கேட்கிற பிள்ளைகளில் ஒருத்தி எழுதித்தான் தெரிந்தது. நான் எழுதிய அந்தப் பக்கம் பஸ் கம்பெனியின் வக்கீல் வரை போயிருக்கிறது. அப்பாவிடம் மாநாடு என்று பொய் சொல்லிவிட்டு சிகாகோ போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், காபி போட்டுக் கொடுத்தாள். சாமான்களில் பாதி பெட்டிக்குள் போயிருந்தன. நான் அழ ஆரம்பித்ததும் அவள், அழாதீங்க புரொபசர், அப்புறம் நான்தான் உங்களைத் தேத்தணும், எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்ல என்றாள். லெடி என் பக்கத்தை அவள் முன்னால் வாசித்துக் காட்டி, இதுல எது பொய்யின்னு சொல்லு என்று கேட்டாராம். ஒரு வரிகூட பொய் இல்லையே, நான் என்னன்னு சொல்ல என்றாள். பிறகு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், நீங்க கேக்கல என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசல்வரை வந்து ஒரே ஒரு காரியம் கேட்டாள். வியாழக்கிழமை டெல்பர்ட் கூப்புடுவாரு, அவர் கூப்புடுற ஆபீஸ் நம்பர் இப்ப என்கிட்ட இல்ல, அவர்கிட்ட பேச மாட்டேன்னு கையெழுத்தும் வாங்கிட்டாங்க, நான் அவரை விட்டுட்டு ஓடிப்போயிடலன்னு மட்டும் சொல்லிடுங்க என்று அவர் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்ததும் லெடிக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது. முதலில் என் வருத்தத்தைப் புரிந்துகொண்டார், அடுத்ததாகத் தாமும் வருந்தினார், மூன்றாவது பத்தியில் வருங்காலத்தைப் பற்றிப் பேசினார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்து முழு மார்க் போடுகிற கடிதம் அது, வெஸ்லி. அதே பதிலில் என் மாணவர்கள் ஐந்து பேருக்கு அங்கே பயிற்சி வேலை என்றும் எழுதியிருந்தார். முகத்தில் விட்டெறிய வேண்டும்போல இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி கோழிப் பண்ணையில் இரவு ஷிஃப்ட் பார்த்துப் படிக்கிறவள். பயிற்சிக்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்.

டெல்பர்ட்டைக் கூப்பிட எனக்கு ஐந்து நாள் பிடித்தது. என்ன சொல்வது என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எடுத்ததும், ட்ரூடியா, எங்கம்மா போயிட்டே, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே என்றார். தாளைப் பார்த்துப் படிக்க முடியவில்லை. நான் அவள் டீச்சர், உங்களோடு பேசியதற்காக அவள் வேலை போய்விட்டது, அவள் பேசியதைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அப்பாவிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அவர், நான்தானே வாராவாரம் புலம்பினேன், என்னாலயும்தான் என்றார். ஐயோ இல்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சரி, இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க, அவளைக் கூப்புடுங்க, அந்தப் பொண்ணு தனியா இருப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆறுதல் சொல்லப் போய் அந்தக் கிழவர் தலையிலும் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்தேன்.

ட்ரூடி இப்போது ஒமாஹாவில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம். வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறேன். எடுப்பதில்லை. ஏழெட்டு தடவை அடித்துவிட்டு, செய்தி சொல்லுங்கள் என்று அவள் குரலே வருகிறது. முதல் தடவை நிறையப் பேசினேன். இப்போதெல்லாம், ட்ரூடி, நான் லோர்னா, இங்கதான் இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, இணைப்பு தானாக அறுபடும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அவளுக்கு எழுது. சின்ன வயதில் அவள் உன்னைத் தூக்கி வளர்த்த உரிமையில் எழுது, ஆனால் என் சார்பில் சமாதானம் பேசாதே, என் பெயரையே எடுக்க வேண்டாம். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்காதே, நானே சொல்கிறேன். ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, மறந்துவிடாதே. ஒருவரைப் பற்றி நல்லது சொல்வதானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லு, கண்ணா. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் நலமே நினைக்கும்,
அம்மா
லோர்னா